வாராவாரம் படித்தும் மனத்தில் தங்காதது ஏன்?

கேள்வி: மேடவாக்கம் வாசகர்

அனைவருக்கும் வணக்கம். பழைய மகாபலிபுரம் சாலையில் உள்ள ஒரு மென்பொருள் நிறுவனத்தில் 16 ஆண்டுகளாக வேலை செய்கிறேன். ஓர் அமெரிக்க வாடிக்கையாளரின் கணக்கு மென்பொருள்கள் இரவும் பகலும் தடையின்றி ஓடுகின்றனவா என்று கவனித்து, பழுது ஏற்பட்டால் சரிசெய்யும் குழுவுக்குப் பொறுப்பாளராக இருக்கிறேன். 2022 நவம்பர் இறுதியில் சாட்ஜிபிடி வெளிவந்தபோது எங்கள் அலுவலகத்தில் எல்லோருக்கும் ஏற்பட்ட கலக்கம் எனக்கும் ஏற்பட்டது. தெரிந்ததை வைத்துக்கொண்டே காலம் தள்ளினால் நாளைக்கு இந்த வேலை இருக்குமோ இராதோ என்ற அச்சத்தில், 2023 ஜனவரி முதல் வாரத்திலிருந்து ஒழுங்காகப் படிப்பது என்று முடிவெடுத்தேன்.

திங்கள் முதல் வெள்ளி வரை அலுவலகப் பேருந்தில் போகவும் வரவும் ஆகும் நேரத்தில், கண்ணில் படும் கட்டுரைகளைக் கைப்பேசியில் சேமித்துக்கொள்வேன். ஞாயிறு காலை, வீட்டில் மற்றவர்கள் எழுவதற்கு முன், அவற்றில் ஐந்தைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றுக்கும் மூன்று வரி எழுதி, வாட்ஸ்அப்பில் இருபது நண்பர்களுக்கு அனுப்புவேன். வேலைமுறையைப் பற்றி இரண்டு, தொழில்நுட்பத்தைப் பற்றி இரண்டு, மனிதன் தன்னைத் திருத்திக்கொள்வதைப் பற்றி ஒன்று என்பது பெரும்பாலும் என் கணக்கு. மகளுக்குக் காய்ச்சல் கண்டிருந்த வாரத்தில்கூட நான் இதை விட்டதில்லை. இந்த 2025 ஜூன் இறுதியோடு 130 வாரங்கள் ஆயின. அதாவது 650 கட்டுரைகள்.

சென்ற மாதம் நடந்த இரண்டு நிகழ்ச்சிகள் என்னை மிகவும் வருத்தின. பழைய பட்டியல் ஒன்றைத் தற்செயலாகத் திறந்து பார்த்தேன். ஓராண்டுக்கு முன் நானே தேர்ந்து, நானே குறிப்பு எழுதிய ஐந்து கட்டுரைகளில் நான்கு எதைப் பற்றியவை என்றே எனக்கு நினைவில்லை. என் மூன்று வரிகளைப் படித்தபோது, வேறு யாரோ எழுதியதைப் படிப்பது போல் இருந்தது. அதே வாரம், எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்த இளைஞர் ஒருவர், "சார், இவ்வளவு படிக்கிறீர்களே, அதனால் நீங்கள் வேலை செய்யும் முறையில் எது மாறியது என்று சொன்னால் நானும் படிக்கத் தொடங்குவேன்" என்று கேட்டார். கற்றுக்கொள்ளும் ஆவலில், மிகுந்த மரியாதையுடன்தான் கேட்டார். என்னால் ஓர் எடுத்துக்காட்டைக்கூடச் சொல்ல முடியவில்லை.

உங்களில் பலர் பல ஆண்டுகளாகப் படித்து வருகிறவர்கள். எதைப் படிப்பது என்று எப்படித் தேர்ந்தெடுக்கிறீர்கள்? படித்ததை எப்படி எழுதிவைத்தால் அது மனத்தில் நிற்கும்? இப்போது எந்தக் கட்டுரையையும் செயற்கை நுண்ணறிவிடம் கொடுத்துச் சுருக்கம் வாங்கிவிடலாம் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். அப்படிச் செய்தால் மிச்சமாகும் நேரத்தில் இன்னும் அதிகம் படிக்கலாமா, அல்லது அது இருக்கும் குறையைப் பெரிதாக்கிவிடுமா? விரிவாகச் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி: ஓய்வுபெற்ற நூலகர், சைதாப்பேட்டை

அன்பருக்கு வணக்கம். சென்னையின் கிளை நூலகங்களில் 31 ஆண்டுகள் பணியாற்றியவன் என்ற முறையில், தேர்ந்தெடுப்பதைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

சீர்காழியில் பிறந்து, மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்துக்கொண்டிருந்த எஸ். ஆர். அரங்கநாதன், 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகர் ஆனார். நூலகப் பணிக்கு அவர் வகுத்த ஐந்து விதிகள் 1931இல் நூலாக வெளிவந்தன. நூல்கள் பயன்படுத்துவதற்கே என்பது முதல் விதி. ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் என்பது இரண்டாவது. ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் என்பது மூன்றாவது. வாசகரின் நேரத்தைச் சேமிக்கவேண்டும் என்பது நான்காவது. நூலகம் வளரும் உயிர் என்பது ஐந்தாவது. நான் வேலையில் சேர்ந்த புதிதில் இவற்றைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்தேன். மூன்றாவது விதியின் பொருள் எனக்கு விளங்குவதற்குப் பல ஆண்டுகள் ஆயின.

இரண்டாவது விதியில், வாசகர் ஒரு நூலைத் தேடி வருகிறார். மூன்றாவதில், அலமாரியில் உள்ள நூலுக்காக நாம் வாசகரைத் தேடுகிறோம். நல்ல நூலகர் புதிதாக வந்த ஒரு நூலைக் கையில் எடுத்ததும், "இது இன்னாருக்கு ஆகும்" என்று ஒரு முகத்தை நினைப்பார். நீங்கள் ஐந்து கட்டுரைகளை இருபது பேருக்கு அனுப்பும்போது எந்த முகத்தையும் நினைப்பதில்லை. அதனால் எழுதும் மூன்று வரியும் பொதுவாக அமைந்துவிடுகிறது. பொதுவாக எழுதிய வரி, எழுதியவருக்கே ஓராண்டு கழித்து அயலாகத் தெரிவதில் வியப்பில்லை. இனிமேல் ஒரு கட்டுரையை ஒரே ஒருவருக்கு அனுப்பிப் பாருங்கள். அவருக்கு இது ஏன் ஆகும் என்று எழுதவேண்டி வரும். அதை எழுதுவதற்கு நீங்கள் கட்டுரையை வேறு விதமாகப் படிக்கவேண்டி இருக்கும்.

உங்களுக்குரிய நூல் எது என்பதற்கு ஓர் அனுபவம் சொல்கிறேன். தொண்ணூறுகளில் எங்கள் கிளைக்கு மோட்டார் காயில் கட்டும் கடைக்காரர் ஒருவர் சனிக்கிழமைதோறும் வருவார். மூன்று மாதம் ஒரே நூலைத்தான் எடுத்தார். இரவல் பெறவேண்டும் என்று கேட்டதில்லை. மேசையில் வைத்து, கோடு போட்ட நோட்டில் ஒரு வாரத்துக்கு ஒரு படம் என்று வரைந்துகொள்வார். காயிலை அமர்த்தும் பள்ளங்கள், அதாவது ஸ்லாட், 36 உள்ள மும்முனை மோட்டாரில் எந்தக் காயிலின் முனை எதோடு சேரவேண்டும் என்பது போன்ற படங்கள். அடுத்த சனிக்கிழமை, அந்தப் படத்தின் ஓரத்தில் கடையில் கண்ட வேறுபாட்டைச் சிவப்பு மையில் குறித்துக்கொண்டு வருவார். அதே காலத்தில் எல்லா நாளிதழ்களையும் வார இதழ்களையும் நாள்தோறும் ஒன்றுவிடாமல் படித்துச் சென்றவர்களும் உண்டு. அவர்களைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் இல்லை. ஆனால் ஒருவருடைய வேலைக்குள் நூல் நுழைந்ததை என் கண்ணால் கண்டது, அந்தக் கடைக்காரரின் நோட்டில்தான். அவர் ஒரு கேள்வியோடு உள்ளே வந்து, விடையின் ஒரு பகுதியை எடுத்துக்கொண்டு, புதிய கேள்வியோடு திரும்பி வந்தார்.

மறுமொழி: தமிழாசிரியை, மயிலாப்பூர்

தம்பி, உங்கள் கேள்வியைப் படித்தபோது, வகுப்பறையில் முப்பது ஆண்டுகள் நான் எதிர்கொண்ட கேள்வியே வேறு உடையில் வந்ததாக உணர்ந்தேன். நினைவில் நிற்பதைப் பற்றி நம் இலக்கணமே பேசியிருக்கிறது என்பதை எடுத்துக்காட்ட விரும்புகிறேன்.

பவணந்தி முனிவர் 13ஆம் நூற்றாண்டில் இயற்றிய நன்னூலின் பாயிரத்தில், மாணாக்கர் பாடம் கேட்கும் முறை கூறப்படுகிறது. ஒருமுறை கேட்டதை மறுமுறையும் கேட்டால் பிழை பெரும்பாலும் நீங்கும். மூன்றாம் முறையும் கேட்டால் முறையறிந்து சொல்லும் திறம் வரும் என்று அது சொல்கிறது. அடுத்து வருவதுதான் உங்களுக்கு உரியது. ஆசிரியர் சொன்னதை எவ்வளவு ஊன்றி உள்வாங்கினாலும் புலமையில் கால் பங்குதான் கைக்கு வரும். உடன் கற்பவரோடு பழகுவதால் இன்னொரு கால் பங்கு வரும். எஞ்சிய அரைப்பங்கு, கற்றதைப் பிறருக்குச் செம்மையாக விரித்துரைப்பதால் வரும் என்பது அந்த நூலின் கணக்கு. உங்கள் 130 வாரங்களையும் இந்தக் கணக்கில் வைத்துப் பாருங்கள். முதற்கால் பங்கை மட்டும் 650 முறை பெற்றிருக்கிறீர்கள். அதிலும் மறுமுறை கேட்டல் இல்லை.

விரித்துரைப்பது என்று நான் சொல்வது மூன்று வரி எழுதி அனுப்புவதை அன்று. எதிரில் ஒருவர் உட்கார்ந்து இடையில் கேள்வி கேட்கவேண்டும். ஒருமுறை எட்டாம் வகுப்பில், மரம், வேர் என்னும் சொற்கள் சேர்ந்தால் மரவேர் ஆகும், மரம், கிளை சேர்ந்தால் மரக்கிளை ஆகும் என்பதைக் கடைசி வரிசைச் சிறுமி ஒருத்தியை எழுப்பி மற்றவர்களுக்கு விளக்கச் சொன்னேன். விதியைச் சரியாகச் சொன்னாள். முன்வரிசையிலிருந்து ஒருத்தி, "இரண்டிலும் ம் போய்விட்டதே, ஒன்றில் மட்டும் ஏன் க் வந்தது?" என்று கேட்டாள். விளக்கியவள் சற்று நேரம் கரும்பலகையையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, ம் போனதும் மிச்சம் இருக்கும் மர என்பது உயிரில் முடியும் சொல் போல ஆகிவிடுகிறது, அதனால் பின்னால் வரும் வல்லினம் மிகுகிறது, வகரம் வல்லினம் இல்லையாதலால் மிகவில்லை என்று தானே கண்டு சொன்னாள். அதுவரை அவளிடம் இரண்டு விதிகள் இருந்தன. அன்றைக்கு அவை ஒன்றாயின. அந்தக் கேள்வி எழாவிட்டால் அது நடந்திராது.

ஆசிரியப் பயிற்சியில் உளவியல் பாடமாக எப்பிங்ஹாஸ் என்ற ஜெர்மானியரைப் பற்றிப் படித்தோம். பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, எவ்வளவு காலத்தில் எவ்வளவு மறக்கிறது என்று தம்மையே சோதித்து, 1885இல் அவர் முடிவுகளை வெளியிட்டார். கற்றவுடன் மறதி மிக விரைவாகவும் நாள் செல்லச்செல்ல மெதுவாகவும் நிகழ்கிறது என்பதும், ஒரே நாளில் பலமுறை படிப்பதைவிட இடைவெளி விட்டுத் திரும்பப் படிப்பது நன்றாக நிற்கிறது என்பதும் அவர் கண்டவை. எனவே ஞாயிற்றுக்கிழமை புதிய கட்டுரையைத் திறப்பதற்கு முன், கைப்பேசியை எடுக்காமல், சென்ற வாரம் படித்ததை நினைவிலிருந்து ஒரு பக்கம் எழுதுங்கள். எழுத வராத இடத்தை மட்டும் மூலத்தில் போய்ப் பாருங்கள். ஆங்கிலத்தில் படித்ததைத் தமிழில் எழுதுங்கள் என்றும் கேட்டுக்கொள்வேன். கலைச்சொல்லை அப்படியே வைத்துக்கொள்வதில் தவறில்லை; ஆனால் வாக்கியத்தின் வினை தமிழில் அமையும்போது, எது எதைச் செய்கிறது என்று நமக்கே தெரிந்துவிடும். விளங்காத இடத்தில் அந்த வினை அமையாது.

மறுமொழி: தரக்கட்டுப்பாட்டு மேற்பார்வையாளர், அம்பத்தூர்

வணக்கம். மேலே இருவரும் கூறியதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் நீங்கள் தொடங்கிய இடத்தைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். வேலை போய்விடுமோ என்ற அச்சத்தில் படிக்கத் தொடங்கினேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படித் தேடும்போது, எல்லோருடைய வேலையைப் பற்றியும் பேசுகிற கட்டுரைகளே கண்ணில் படும். உங்கள் மேசையில் உள்ள வேலையைப் பற்றிப் பேசுகிற ஒன்று அவற்றில் இருக்காது. நானும் அப்படி இரண்டு ஆண்டுகளைக் கழித்திருக்கிறேன். இயந்திர மனிதர்கள் தொழிற்சாலைகளை எப்படி மாற்றப்போகிறார்கள் என்று எவ்வளவோ படித்தேன். எங்கள் ஷிப்டில் ஏன் ரிஜெக்ஷன், அதாவது தேறாமல் ஒதுக்கப்படும் பாகங்கள், கூடுகிறது என்பது மட்டும் எனக்குத் தெரியாமல் இருந்தது.

1964இல் தொடங்கிய அம்பத்தூர் தொழிற்பேட்டையில், வாகன உதிரிப் பாகங்கள் செய்யும் ஒரு பட்டறையில் வேலை செய்கிறேன். இரண்டு கோடைகளுக்கு முன் மே மாதத்தில், 100 மில்லிமீட்டர் உள்விட்டம் கொண்ட எஃகு வளையம் ஒன்று, கணினி இயக்கும் சிஎன்சி வெட்டு இயந்திரத்தின் அருகில் அளக்கும்போது சரியாக இருந்து, குளிரூட்டிய அளவை அறைக்கு வந்ததும் சிறுத்துப்போனது. அனுமதிக்கப்பட்ட வேறுபாடு 20 மைக்ரான்; ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. இயந்திரத்தை ஓட்டுபவர் தன் அளவு சரி என்றார். அளவை அறையில் இருப்பவர் தன் அளவு சரி என்றார். வெட்டும் டூலை மாற்றினோம், இயந்திரத்தில் பதியும் அளவுத் திருத்தமான ஆஃப்செட்டை மாற்றினோம், ஒருவர்மேல் ஒருவர் பழி சொன்னோம். ஒரு வாரம் இப்படியே போயிற்று.

அந்த வெள்ளிக்கிழமை மாலை, "ஒரே வளையம் ஏன் இரண்டு இடத்தில் இரண்டு அளவு காட்டுகிறது?" என்று குறிப்பேட்டில் ஒரு வரி எழுதினேன். விடை தேடித்தான் அந்த வாரம் படித்தேன். எஃகு ஒரு டிகிரி சூடேறினால் ஒரு மீட்டருக்கு ஏறத்தாழ 11.5 மைக்ரான் விரியும். பள்ளிக்கூடத்தில் வெப்ப விரிவு என்று இதைப் படித்துத் தேர்வும் எழுதியிருக்கிறேன். 100 மில்லிமீட்டர் வளையம் 20 டிகிரியிலிருந்து 40 டிகிரிக்கு ஏறினால் 23 மைக்ரான் விரிகிறது. எங்களுக்கு அனுமதித்த வேறுபாட்டைவிட அது அதிகம். அளவுகளை 20 டிகிரி செல்சியசில்தான் ஒப்பிடவேண்டும் என்று 1931இலேயே உலக அளவில் ஒப்புக்கொள்ளப்பட்டிருக்கிறது என்பதையும் அப்போதுதான் அறிந்தேன். சென்னை மே மாதத்தில் தகரக் கூரையின் கீழ், வெட்டிய சூடு தணியாத வளையத்தை, குளிர் அறையில் சரிபார்த்த கருவியால் அளந்துகொண்டிருந்தோம். இப்போது வளையத்தை ஆறவைக்கிறோம். ஒப்பிடுவதற்கான மாஸ்டர் வளையத்தையும் அதே மேசையில் அதே நேரம் வைத்திருந்து, பிறகு அளக்கிறோம். சண்டை நின்றது.

இது நடந்ததிலிருந்து என் பழக்கம் மாறிவிட்டது. வெள்ளிக்கிழமை, வேலை முடிந்து பேருந்து வருவதற்கு முன், அந்த வாரம் எனக்கு விளங்காமல் போன ஒன்றை ஒரு கேள்வியாக எழுதிவைப்பேன். சனி, ஞாயிறு அதற்காக மட்டும் படிப்பேன். சில வாரம் இயந்திரத்தைப் பற்றிய கேள்வியாக இருக்கும். சில வாரம், நான் ஏன் இன்றைக்கு அந்தப் பயிற்சியாளரிடம் அவ்வளவு கடுமையாகப் பேசினேன் என்பதாக இருக்கும். அதற்குத் தேடிப் படிப்பது கடினமானது, ஆனாலும் தேடுகிறேன். நீங்கள் கேட்ட தன்னைத் திருத்திக்கொள்வது, எனக்கு இந்த இரண்டாவது வகைக் கேள்விகளில்தான் நடக்கிறது. வளர்ச்சியைப் பற்றிய பொதுவான கட்டுரைகள் எனக்கு அதைச் செய்யவில்லை.

மறுமொழி: இளம் வழக்கறிஞர், பிராட்வே

செயற்கை நுண்ணறிவுச் சுருக்கத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். எங்கள் தொழிலில் இந்தக் கேள்வி புதிதல்ல என்பதால் எழுதுகிறேன்.

சட்ட இதழ்களில் அச்சாகும் ஒவ்வொரு தீர்ப்புக்கும் மேலே ஹெட்நோட் என்று ஒரு சுருக்கம் இருக்கும். அதை எழுதுபவர் இதழின் பதிப்பாசிரியர். நீதிபதி எழுதியது அன்று. நான் ஜூனியராகச் சேர்ந்த முதல் மாதத்தில், ஹெட்நோட்டை மட்டும் படித்துவிட்டு ஒரு தீர்ப்பை எங்கள் சீனியரிடம் கொண்டுபோனேன். அவர் முழுத் தீர்ப்பையும் படிக்கச் சொன்னார். ஹெட்நோட்டில் சொன்ன கொள்கை தீர்ப்பிலும் இருந்தது. ஆனால் அந்த வழக்கில் வாடகை ஒப்பந்தம் பதிவு செய்யப்பட்டிருந்தது, எங்கள் கட்சிக்காரரின் ஒப்பந்தம் பதிவாகவில்லை. எனக்கு வேண்டியிருந்த அந்த ஒரு செய்தியைச் சுருக்கியவர் விட்டுவிட்டார். அவர்மேல் தவறில்லை. எங்கள் வழக்கு இருப்பதே அவருக்குத் தெரியாது.

சாட்ஜிபிடி போன்ற மொழி மாதிரிகள் தரும் சுருக்கத்திலும் இதே தன்மை உண்டு. பெரும் அளவிலான எழுத்துகளிலிருந்து, எந்தச் சொல்லுக்குப் பின் எது வரக்கூடும் என்று பயின்ற கருவி அது. கட்டுரையின் பொதுவான கருத்தைப் பெரும்பாலும் நன்றாகவே எடுத்துக்கொடுக்கிறது. உங்கள் வேலையோடு உரசுகிற, மற்றவர்களுக்குச் சிறியதாகத் தோன்றுகிற ஒரு விவரம் அதில் நழுவிப்போகலாம். இல்லாததை இருப்பதாக எழுதும் ஆபத்தும் இருக்கிறது. 2023 ஜூனில் நியூயார்க்கில், சாட்ஜிபிடி கற்பித்துக் கொடுத்த, எங்கும் நடந்திராத வழக்குகளை மேற்கோள் காட்டிய வழக்கறிஞர்களுக்கு நீதிமன்றம் 5,000 டாலர் தண்டம் விதித்தது. அந்தச் செய்தியைப் படித்த நாளிலிருந்து, நான் திறந்து பார்க்காத எந்தத் தீர்ப்பின் பெயரையும் மனுவில் எழுதுவதில்லை.

இருந்தாலும் கருவியை ஒதுக்கிவிடச் சொல்லமாட்டேன். நான் முழுவதும் படித்து, என் குறிப்பை எழுதி முடித்த பிறகு, அந்தத் தீர்ப்பையும் குறிப்பையும் கொடுத்து, "நான் எதை விட்டுவிட்டேன், இதை எதிர்த்து என்ன கேட்கலாம்" என்று கேட்பேன். ஆசிரியை அம்மா சொன்ன முன்வரிசைச் சிறுமியின் இடத்தில் அதை உட்கார வைக்கிறேன். அது எழுப்பும் கேள்விகளில் பாதி வீண். மீதியில் ஒன்றிரண்டு என்னைத் திரும்பப் பக்கம் புரட்ட வைக்கின்றன. மிச்சமாகும் நேரத்தில் இன்னும் அதிகம் படிக்கலாமா என்று கேட்டீர்கள். பொருளியல் அறிஞர் ஹெர்பர்ட் சைமன், தகவல் பெருகும் இடத்தில் கவனம் வறுமைப்படும் என்று 1971இலேயே எழுதினார். உங்களுக்குக் குறைவாக இருப்பது கட்டுரை இல்லை என்பதை உங்கள் 650 என்ற எண்ணே காட்டுகிறது.

மறுமொழி: வங்கி ஊழியர், பெரம்பூர்

எல்லோரும் பயனைப் பற்றியே பேசுவதால் இதை எழுதுகிறேன். சிறுவயதில் என் தந்தையார் என்னை மூர் மார்க்கெட்டுக்கு அழைத்துப்போவார். பழைய புத்தகக் கடைகளில் எதற்கென்று தெரியாமலேயே கடிகாரம் செய்வதைப் பற்றியும் திமிங்கிலங்களைப் பற்றியும் வாங்கிப் படித்தோம். 1985இல் அது தீப்பற்றி எரிந்தபோது அவர் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அந்தப் புத்தகங்கள் எதுவும் என் வங்கி வேலைக்கு உதவியதில்லை. ஆனால் அவை இல்லாத என்னை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. வாரத்தில் ஒரு கேள்விக்காகப் படியுங்கள். கேள்வியே இல்லாத ஒன்றுக்கும் ஓர் இடம் வையுங்கள். அதற்குக் குறிப்பு எழுதவேண்டாம்.

மேடவாக்கம் வாசகர்

ஐயாவுக்கும், அம்மாவுக்கும், மற்ற அனைவருக்கும் என் நன்றி. உடனே பதில் எழுதாமல், நீங்கள் சொன்னதை நான்கு வாரம் செய்துபார்த்துவிட்டு எழுதுகிறேன்.

ஐந்து கட்டுரைப் பட்டியலை நிறுத்திவிட்டேன். நண்பர்களில் மூவர் மட்டும் ஏன் வரவில்லை என்று கேட்டார்கள். இனி அந்த மூவருக்கு, அவரவருக்கு ஆகும் என்று தோன்றும்போது மட்டும் அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறேன்.

அம்பத்தூர் சகோதரி சொன்னபடி, என் வேலையில் விளங்காமல் போன ஒன்றைத் தேடினேன். சென்ற மார்ச் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வாடிக்கையாளரின் இடத்தில் அதிகாலை 2:30 மணிக்கு ஓடவேண்டிய கணக்கு நிரல் ஒன்று ஓடவே இல்லை. கையால் ஓட்டிச் சரிசெய்து, எதிர்பாராத தடை என்று அறிக்கை எழுதி மூடிவிட்டோம். அந்த அறிக்கையில் கையெழுத்திட்டவன் நான்தான். இப்போது, "அந்த ஒரு நாள் மட்டும் ஏன்?" என்று எழுதிவைத்துப் படித்தேன். அமெரிக்காவின் பெரும்பாலான பகுதிகளில் மார்ச் இரண்டாம் ஞாயிறு அதிகாலை 2 மணிக்குக் கடிகாரத்தை 3 மணிக்குத் தள்ளிவைக்கிறார்கள். 2007 முதல் இந்த நாள் நடைமுறையில் இருக்கிறது. அன்றைக்கு அவர்கள் ஊரில் 2:30 மணி என்று ஒன்று வருவதில்லை. கோடைகால நேரம் என்பது எனக்குத் தெரியாத செய்தி அன்று. எங்கள் கூட்டங்கள் எல்லாம் ஆண்டுக்கு இருமுறை ஒரு மணி நேரம் நகர்வதை 16 ஆண்டுகளாகப் பார்க்கிறேன். அதையும் ஓடாத நிரலையும் ஒருநாளும் சேர்த்து நினைத்ததில்லை. நவம்பர் முதல் ஞாயிறு, அதாவது இந்த ஆண்டு 2ஆம் தேதி, கடிகாரம் பின்னால் போகும். அன்று அதிகாலை 1 மணியிலிருந்து 2 மணி வரையிலான நேரம் இருமுறை வரும். எங்களுக்கு 1:30 மணிக்கு ஓடும் நிரல் ஒன்று இருக்கிறது. அது இருமுறை ஓடினால் ஒரே தொகை இரண்டு முறை பதிவாகும்.

அம்மா சொன்னபடி இதை விரித்துரைக்க, என்னைக் கேள்வி கேட்ட அந்த இளைஞரையே தேநீர் இடைவேளையில் உட்காரவைத்துத் தமிழில் சொன்னேன். ஆண்டு முழுவதும் மாறாத உலகப் பொது நேரத்தில் அட்டவணையை வைத்துக்கொண்டால் இந்தத் தாவல் நம்மைத் தொடாது என்று நான் முடித்ததும், "நம் நாட்டில் எப்போதும் ஒரே நேரம்தானா சார்?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அடுத்த வார வாசிப்பு அதுவாயிற்று. நுங்கம்பாக்கத்தில் 1792இல் அமைந்த வானாய்வகத்தை வைத்துக் கணித்த சென்னை நேரம், கிரீன்விச் நேரத்தைவிட ஏறத்தாழ 5 மணி 21 நிமிடம் முன்னால் இருந்தது என்றும், இந்திய ரயில்வே நெடுங்காலம் அந்த நேரத்தைத்தான் பின்பற்றியது என்றும், 1906 ஜனவரி 1 முதல்தான் ஐந்தரை மணி நேர வேறுபாடு கொண்ட இன்றைய நேரம் வந்தது என்றும் படித்தேன். இதனால் எங்கள் நிரலுக்கு ஒரு பயனும் இல்லை. பெரம்பூர் அன்பர் சொன்ன இடத்தில் இதை வைத்துக்கொள்கிறேன்.

அந்த இளைஞரும் நானும் இப்போது எங்கள் பொறுப்பில் உள்ள அட்டவணைகளை ஒவ்வொன்றாகப் பார்த்து வருகிறோம். அக்டோபர் மூன்றாம் வாரத்துக்குள் முடித்துவிடவேண்டும். அதற்கிடையில் நூலகர் ஐயாவிடம் ஒன்று கேட்கிறேன்: சென்னை நேரத்தைப் பற்றி விரிவாகப் படிக்க நான் எங்கே போகவேண்டும்?

மறுமொழி: ஓய்வுபெற்ற நூலகர், சைதாப்பேட்டை

முதலில் எழும்பூருக்குப் போங்கள். கன்னிமாரா நூலகம் 1896இல் திறக்கப்பட்டது. 1954இன் சட்டப்படி நாட்டில் வெளியாகும் நூல்களின் படிகள் வந்துசேரும் நூலகங்களில் அதுவும் ஒன்று. பழைய அரசு ஆணைகள் வேண்டுமானால் அதே எழும்பூரில் ஆவணக் காப்பகம் இருக்கிறது. மேசையில் இருப்பவரிடம், "சென்னை நேரம் பற்றி நூல் இருக்கிறதா" என்று கேட்காதீர்கள். ரயில்வே ஏன் சென்னையின் நேரத்தைப் பின்பற்றியது, அதை ஏன் கைவிட்டது என்று, அந்தப் பிள்ளை உங்களிடம் கேட்டதுபோலக் கேளுங்கள். முடிந்தால் அவரையும் அழைத்துச் செல்லுங்கள்.